வால்வில் கிருமி, கையில் வார்ஃபரின்: தொடர்வதா, மாற்றுவதா, நிறுத்துவதா?

இதயத்தில் மெட்டல் வால்வு பொருத்தியிருக்கும் ஒருவர் ஒரு வாரக் காய்ச்சலோடு வார்டில் சேர்கிறார். ரத்த கல்ச்சரில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற வீரியமான பாக்டீரியா வளர்ந்துவிட்டது. உணவுக்குழாய் வழியாக எடுத்த எக்கோவில், வால்வின் விளிம்பில் ஒரு சின்னக் கொத்து ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடுகிறது. ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 3.1 (சாதாரணமாக 1). ராத்திரி எட்டு மணிக்கு நர்ஸ் வந்து கேட்கிறார்: "வார்ஃபரின் கொடுக்கலாமா டாக்டர்?"

"கொடுங்கள்" என்று சொல்வதுதான் சுலபம். மெட்டல் வால்வு வைத்த நாளிலிருந்து அந்த நோயாளிக்கும் வீட்டாருக்கும் நாங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: இந்த மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள், விட்டால் வால்வில் ரத்தம் உறையும், பக்கவாதம் வரும். அவர்களும் பத்து வருஷமாக விடாமல் சாப்பிட்டிருக்கிறார்கள். இப்போது நாங்களே வந்து "நிறுத்தலாமா என்று யோசிக்கிறோம்" என்றால் அவர்களுக்குப் பகீரென்று ஆகத்தான் செய்யும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வால்வில் கிருமி பிடித்த பிறகு கணக்கு மாறிவிடுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெட்டல் வால்வில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தொற்று உறுதியானால், மூளை ஸ்கேன் பார்க்கும் வரை அன்றிரவு வார்ஃபரின் மாத்திரையைக் கொடுக்க வேண்டாம் என்பேன். அதற்கடுத்து என்ன செய்வது என்பது ஸ்கேனைப் பொறுத்தது.

உறைவு வேறு, கிருமிக் கொத்து வேறு

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. வால்விலிருந்து மூளைக்கு இரண்டு விதமான துண்டுகள் போகலாம்.

முதலாவது, சாதாரண ரத்த உறைவு. உலோகப் பரப்பின் மேல் ரத்தம் படும்போது, உறைதலுக்கான வேதித் தொடர் தூண்டப்படுகிறது. வார்ஃபரின், ஹெப்பரின் போன்றவை அந்தத் தொடரை மட்டுப்படுத்துகின்றன. தொற்று இல்லாத மெட்டல் வால்வில் பக்கவாதம் வந்தால் பெரும்பாலும் காரணம் இந்த உறைவுதான். அதனால்தான் வாழ்நாள் முழுக்க மாத்திரை.

இரண்டாவது, வெஜிடேஷன் என்று நாங்கள் சொல்லும் கிருமிக் கொத்து. இதிலும் உறைவைக் கட்டும் நார்ப்புரதமான ஃபைப்ரின் இருக்கிறது, பிளேட்லெட்டுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு நடுவே கிருமிகள் கூட்டம் கூட்டமாகக் குடியிருக்கின்றன. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தானே ஒரு கோயாகுலேஸ் நொதியைச் சுரந்து ஃபைப்ரினைக் கட்டிக்கொள்ளும். கொத்து வளர்வதற்கும் பிய்ந்து போவதற்கும் காரணம் தொற்றுதான். அதைச் சுருங்க வைப்பது ஆன்டிபயாடிக், சில நேரம் அறுவை சிகிச்சை. ரத்தத்தை இளக்கும் மருந்து இந்தக் கொத்தைக் கரைக்கும் என்று நம்ப ஆதாரம் இல்லை.

ஆக, வார்ஃபரினைத் தொடர்ந்தால் முதல் வகைத் துண்டிலிருந்து பாதுகாப்பு கிடைக்கும். இரண்டாவது வகையிலிருந்து கிடைக்காது. தொற்றுக் காலத்தில் மூளையைத் தாக்குவதில் பெரும்பங்கு இரண்டாவது வகைதான்.

ரத்தம் கசிவது எப்படி

கிருமிக் கொத்திலிருந்து பிய்ந்த ஒரு துண்டு மூளை ரத்தக் குழாயை அடைத்தால், அது சாதாரண அடைப்பு போல் அடங்கிவிடுவதில்லை. அதில் உயிருள்ள கிருமி இருக்கிறது. அடைபட்ட இடத்தில் மூளைத் திசு செத்துப்போய் இளகும். குழாய்ச் சுவரும் அழற்சியில் பலவீனமாகும். அந்த இடத்துக்குள் மறுபடி ரத்தம் பாயும்போது கசிந்து, அடைப்பே கசிவாக மாறிவிடும். இது முதல் வழி. இரண்டாவது, கிருமி குழாய்ச் சுவரையே நேரடியாக அரித்து ஓட்டை போடுவது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இதற்குப் பேர் போனது, முதல் சில நாட்களிலேயே செய்துவிடும். மூன்றாவது, மைகோடிக் அனூரிசம். சுவர் பலவீனமான இடத்தில் குழாய் பலூன் போலப் புடைத்து, நாட்கள் கழித்து வெடிக்கும். பெயரில் பூஞ்சையின் சாயல் இருந்தாலும் பெரும்பாலும் காரணம் பாக்டீரியாதான். சாதாரண அனூரிசம் மூளையின் அடிப்பகுதியில் பெரிய குழாய்கள் பிரியும் இடங்களில் வரும். இது நேர்மாறாக, நடு மூளைத் தமனியின் கடைசிச் சிறு கிளைகளில் ஒளிந்திருக்கும்.

இந்த மூன்றில் எதையும் வார்ஃபரின் உண்டாக்குவதில்லை. ஆனால் கசிவு தொடங்கிவிட்டால், தேக்கரண்டி அளவில் நின்றிருக்க வேண்டியதைக் கோப்பை அளவுக்குக் கொண்டுபோவது அதுதான். ஐ.என்.ஆர். 3 இருக்கும்போது மூளையில் வரும் கசிவு தானாக எளிதில் நிற்காது, மணிக்கணக்கில் பெருகக்கூடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோயாளி நன்றாகப் பேசுகிறார், கை கால் அசைகிறது என்பதை வைத்து மூளை சுத்தமாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. 2010-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், எண்டோகார்டைட்டிஸ், அதாவது இதய வால்வில் கிருமி பிடித்த நோயாளிகள் 130 பேருக்கு மூளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 82 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. 57 சதவீதம் பேருக்கு நுண்கசிவுகள், 8 சதவீதம் பேருக்கு எந்தத் தொந்தரவும் காட்டாத அனூரிசம். ஆனால் வெளியே தெரியும்படி நரம்புக் குறைபாடு இருந்தவர்கள் 12 சதவீதம் பேர் மட்டுமே. இந்த எண்ணைப் படித்த பிறகு, "மூளைக்கு ஒன்றும் இல்லை, ஸ்கேன் வேண்டாம்" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

பயத்தை எண்ணாக மாற்றிப் பார்ப்போம்

மெட்டல் வால்வு நோயாளி எந்த உறைவுத் தடுப்பு மருந்தும் இல்லாமல் இருந்தால் என்ன ஆகும்? 1994-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு இதற்குப் பதில் தருகிறது. மருந்தே இல்லாத நிலையில், பெரிய அளவிலான அடைப்பு ஆண்டுக்கு 100 பேரில் சுமார் 4 பேருக்கு வந்தது. வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களில் அது சுமார் 1. மைட்ரல் இடத்து வால்வில் (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) ஆபத்து, அயோர்டிக் இடத்தைப் (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசல்) போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஆண்டுக்கு 100-இல் 4 என்பதை இரண்டு வாரத்துக்குப் பிரித்துப் பாருங்கள். 1000 பேரில் ஒருவர் அல்லது இருவர். ஒரு நாளைக்கு என்றால் 1000 பேருக்கு சுமார் 0.1.

இனி மறுபக்கம். எண்டோகார்டைட்டிஸ் நோயாளிகள் 1,437 பேரைப் பல நாடுகளில் பின்தொடர்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாடிக் தொடங்கிய முதல் வாரத்தில் பக்கவாதம் 1000 நோயாளி-நாட்களுக்கு 4.8 (அதாவது 1000 பேரில் ஒரு நாளைக்கு 4.8 பேர்) என்ற வேகத்தில் வந்தது. இரண்டாவது வாரத்தில் அது 1.7 ஆகக் குறைந்துவிட்டது. அதில் சொந்த வால்வுக்காரர்களும் இருக்கிறார்கள், செயற்கை வால்வுக்காரர்களும் இருக்கிறார்கள். அதனால் இரண்டு ஆய்வுகளின் எண்களையும் அப்படியே தராசில் வைக்க முடியாது. தொற்று இருக்கும் நேரத்தில் ரத்தம் உறையும் வேகமும் கூடும் என்பதால், 0.1 என்ற எண்ணை இரண்டு மூன்று மடங்காகக்கூடப் பெருக்கிக்கொள்ளுங்கள். அப்போதும் முதல் வாரத்தின் 4.8-க்குப் பக்கத்தில் அது வராது.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. முதல் வாரத்தில் மூளையைக் காப்பாற்றுவது சரியான ஆன்டிபயாடிக்கை ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் தொடங்குவதுதான். வார்ஃபரினை இரண்டு வாரம் நிறுத்துவதால் வால்வுக்கு வரும் ஆபத்து உண்மையானது, ஆனால் சிறியது. வீட்டாரிடம் நான் இந்தக் கணக்கைத்தான் தாளில் எழுதிக் காட்டுவேன். "ஆபத்து அதிகம்", "ஆபத்து குறைவு" என்ற வார்த்தைகளைவிட ஆயிரத்தில் எத்தனை பேர் என்பது அவர்களுக்குப் புரிகிறது.

சில வால்வுகளுக்கு இந்தக் கணக்கு இவ்வளவு சாதகமாக இருக்காது. கூண்டுக்குள் பந்து இருக்கும் பழைய மாடல், மைட்ரல் இடத்து வால்வு, கூடவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது), ஏற்கெனவே ஒருமுறை வால்வு அடைத்த வரலாறு: இவற்றில் ஏதாவது இருந்தால் நிறுத்தும் நாட்களைக் குறைத்தே பேச வேண்டும்.

முதல் வழி: வார்ஃபரினை அப்படியே தொடர்வது

இதற்கும் நியாயம் இருக்கிறது. 2011-இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வில், ஏற்கெனவே வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருந்த எண்டோகார்டைட்டிஸ் நோயாளிகளில் 6 சதவீதம் பேருக்கு மட்டுமே மூளைச் சிக்கல் வந்தது. எடுக்காதவர்களில் 26 சதவீதம். ரத்தக்கசிவும் கூடவில்லை. ஆனால் அவர்கள் எல்லாரும் சொந்த வால்வில் தொற்று வந்தவர்கள். வார்ஃபரின் எடுப்பவர்கள் அடிக்கடி டாக்டரைப் பார்ப்பவர்கள், சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கலாம். மெட்டல் வால்வில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வந்தவருக்கு அந்த முடிவை அப்படியே எடுத்துப் போட எனக்குத் தயக்கம் இருக்கிறது.

அதற்கு எதிர்த்திசையில் 1999-இல் ஒரு ஸ்பெயின் ஆய்வு. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் எண்டோகார்டைட்டிஸ் வந்த 56 பேர். செயற்கை வால்வுக்காரர்களில் பெரும்பாலானோர் உறைவுத் தடுப்பு மருந்தில் இருந்தார்கள். செயற்கை வால்வுக்காரர்களில் 71 சதவீதம் பேர் இறந்தார்கள். சொந்த வால்வுக்காரர்களில் 37 சதவீதம். செயற்கை வால்வுக்காரர்களின் மரணத்தில் மூளைச் சிக்கல்களுக்குப் பெரும்பங்கு. சின்ன ஆய்வுதான், மருந்தே காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஆனாலும் இந்தக் கிருமியைக் கண்டால் வார்ஃபரினை மறுபரிசீலனை செய் என்ற எச்சரிக்கை இத்தகைய ஆய்வுகளிலிருந்துதான் பிறந்தது. நிறுத்துவதா தொடர்வதா என்று இரண்டு குழுவாகக் குலுக்கிப் பிரித்து, விஷயத்தைத் தீர்த்துவைத்த பெரிய சோதனை இதுவரை இல்லை. வழிகாட்டு நெறிகள் எல்லாமே இப்படிப்பட்ட அவதானிப்புகளின் மேல்தான் நிற்கின்றன.

ஆய்வுகளை ஒதுக்கி வைத்தாலும், வார்ஃபரினைத் தொடர்வதில் வார்டில் தினமும் முட்டும் பிரச்சினை ஒன்று உண்டு. ஐ.என்.ஆர். ஒரு நிலையில் நிற்காது. காய்ச்சலில் நோயாளி சரியாகச் சாப்பிட மாட்டார், ஐ.என்.ஆர். ஏறும். பல ஆன்டிபயாடிக்குகள் அதை இன்னும் ஏற்றும். செயற்கை வால்வில் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்றால் ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சேர்ப்பது வழக்கம். அது கல்லீரலைத் தூண்டி வார்ஃபரினை வேகமாக உடைக்க வைக்கும், ஐ.என்.ஆர். இறங்கும். வழக்கமான டோஸைப் போல இரண்டு மூன்று மடங்கு கொடுத்தும் எட்டாமல் போவதுண்டு. மூளையில் புண் இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு இப்படி ஏறி இறங்கும் மருந்தை வைத்துக்கொண்டு இருப்பது கஷ்டம். நாளைக்கே அவசர அறுவை சிகிச்சை என்று சர்ஜன் சொன்னால், வார்ஃபரின் தானாக இறங்க நாலைந்து நாள் ஆகும்.

ஆகவே மெட்டல் வால்வுக்காரருக்கு இந்த வழி எப்போது பொருந்தும்? வீரியம் குறைந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமி, மூளை ஸ்கேன் சுத்தம், கொத்து சிறியது, அறுவை சிகிச்சைக்கு இப்போது அவசியமில்லை என்று இருந்தால் கவனமாகத் தொடரலாம். மற்ற நிலைமைகளில் நான் தொடர்வதில்லை.

இரண்டாம் வழி: ஹெப்பரினுக்கு மாறுவது

2015-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டு நெறி, மூளையில் இன்னும் ஒன்றும் ஆகாதபோதுகூட, கிருமி ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்கு வார்ஃபரினை விட்டு ஊசியாகப் போடும் ஹெப்பரினுக்கு மாறுவதைப் பரிசீலிக்கச் சொன்னது. கசிவில்லாத அடைப்புப் பக்கவாதம் வந்தவருக்கும் அதே ஆலோசனை.

ஹெப்பரின் வார்ஃபரினைவிடக் குறைவாகக் கசிய வைக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. இதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: நிறுத்தினால் நிற்கும். நரம்பு வழியாகச் சொட்டும் சாதாரண ஹெப்பரினின் பாதி, நிறுத்திய ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். அதற்கும் பொறுமை இல்லையென்றால் புரோட்டமின் என்ற முறிப்பு மருந்து கொடுத்து நிமிடங்களில் முறித்துவிடலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு நோயாளி தலைவலி என்று எழுந்து வாந்தி எடுத்தால், அந்த வித்தியாசம் உயிருக்கும் சாவுக்குமானது.

தோலுக்கடியில் போடும் குறைமூலக்கூறு ஹெப்பரினை ஏன் போடக் கூடாது, அது வசதியாயிற்றே என்று கேட்பார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் போடலாம்தான். ஆனால் இந்த நோயாளிக்கு ஜென்டாமைசினும் வான்கோமைசினும் போய்க்கொண்டிருக்கலாம், இந்த இரண்டு ஆன்டிபயாடிக்குகளுமே சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பவை. சிறுநீரகம் சுணங்கி ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறினால் குறைமூலக்கூறு ஹெப்பரின் உடம்பில் தேங்கிவிடும். புரோட்டமினால் அதை முழுக்க முறிக்கவும் முடியாது. எனவே முதல் பத்து நாள், அசௌகரியமாக இருந்தாலும் சொட்டு ஹெப்பரின்தான் என் தேர்வு. ஆரம்பத்தில் மொத்தமாக ஒரு பெரிய டோஸ் ஏற்றாமல், மெதுவாகத் தொடங்க வேண்டும்.

இதற்கும் ஒரு பொறி உண்டு. ஹெப்பரின் தொடங்கி 5 முதல் 10 நாளுக்குள் சிலருக்கு பிளேட்லெட் எண்ணிக்கை சரியும், அந்தச் சரிவோடு புதிய உறைவுகளும் வரும். தொற்றும் பிளேட்லெட்டைக் குறைக்கும் என்பதால், "இன்ஃபெக்ஷனால்தான் குறைகிறது" என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம். ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் வழி: முழுக்க நிறுத்துவது

அமெரிக்க இதயச் சங்கத்தின் 2015 அறிக்கை இங்கே ஒரு படி முன்னே போகிறது. மெட்டல் வால்வுத் தொற்றில் மூளைக்கு அடைப்பு போயிருந்தால், எல்லா உறைவுத் தடுப்பு மருந்தையும் குறைந்தது இரண்டு வாரம் நிறுத்துவது நியாயம் என்கிறது. அந்த ஆண்டில் ஐரோப்பா ஹெப்பரினுக்கு மாறு என்றது, அமெரிக்கா நிறுத்து என்றது. ஒரே நோயாளிக்கு இரண்டு கண்டங்களில் இரண்டு பதில்.

முன்பு பார்த்த கணக்கை வைத்துப் பார்த்தால் எனக்கு அமெரிக்கப் பதில் மேலும் நேர்மையாகப் படுகிறது, குறிப்பாக அடைப்பின் பரப்பு பெரிதாக இருந்தால். பெரிய அடைப்பு கசிவாக மாறும் அபாயம் முதல் இரண்டு வாரத்தில்தான் அதிகம். அந்த இரண்டு வாரத்தில் உறைவால் பெரிய அடைப்பு வரும் வாய்ப்பு, தொற்று இல்லாதவர்களின் கணக்குப்படி, ஆயிரத்தில் ஓரிருவர். எம்.ஆர்.ஐ.-யில் பொட்டுப் பொட்டாகச் சில சின்ன அடைப்புகள் மட்டும், வால்வு மைட்ரல் இடத்தில், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உண்டு என்றால் ஹெப்பரின் பக்கம் சாய்வேன்.

கசிவே வந்துவிட்டால் விவாதம் இல்லை. எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். வார்ஃபரின் உடம்பில் இருந்தால் வைட்டமின் கே-யும் உறைதல் காரணிகளின் செறிவும் கொடுத்து முறிக்க வேண்டும். வைட்டமின் கே வேலை செய்ய மணிக்கணக்கு ஆகும், காரணிச் செறிவு நிமிடங்களில் வேலை செய்யும். "வால்வு உறைந்துவிடுமே" என்று முறிப்பு மருந்துக்குத் தயங்கித் தாமதிப்பதை ஏற்க முடியாது. அந்த நேரத்தில் ஆளைக் கொல்லப்போவது மூளைக்குள் பெருகும் ரத்தம். அப்புறம் அனூரிசம் இருக்கிறதா என்று குழாய்களைத் தேடிப் பார்க்க வேண்டும். சி.டி. ஆஞ்சியோவில் சின்னவை தவறிவிடும், சந்தேகம் தீராவிட்டால் கதீட்டர் வழி ஆஞ்சியோகிராம்தான் கடைசி வார்த்தை.

இரண்டு தப்பான வழிகள்

ஆஸ்பிரின் சேர்த்தால் பிளேட்லெட் கொத்து வளராதே என்று தோன்றும். கனடாவில் நடந்த சோதனையில் 115 எண்டோகார்டைட்டிஸ் நோயாளிகளுக்கு 325 மி.கி. ஆஸ்பிரினோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள், 2003-இல் முடிவு வந்தது. துண்டு பிய்ந்து போனது ஆஸ்பிரின் குழுவில் 28.3 சதவீதம், வெற்று மாத்திரையில் 20 சதவீதம். ரத்தக்கசிவு 28.8-க்கு 14.5. பலன் இல்லை, கசிவு கூடும் போக்கு தெரிகிறது. தொற்றுக்காகப் புதிதாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம். வேறு காரணத்துக்காக ஏற்கெனவே எடுப்பவர், கசிவு இல்லாவிட்டால் தொடரலாம்.

இன்னொன்று, பக்கவாதத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் உறைவைக் கரைக்கும் ஊசி. எண்டோகார்டைட்டிஸில் இது கூடாது, கசிவில் கொண்டுபோய் விடும். அவசரப் பிரிவில் பக்கவாதத்தோடு வருபவருக்குக் காய்ச்சலும் நெஞ்சில் வால்வு ஆபரேஷன் தழும்பும் இருந்தால், ஊசி போடும் முன் உறவினர் சத்தமாகச் சொல்ல வேண்டும்: "இவருக்குச் செயற்கை வால்வு இருக்கிறது, ஒரு வாரமாகக் காய்ச்சல்." பெரிய குழாய் அடைத்திருந்தால் கதீட்டர் வழியாகத் துண்டை இழுத்து எடுக்கும் முறை இருக்கிறது. வசதியும் கை தேர்ந்தவர்களும் இருக்கும் இடத்தில் அதைப் பரிசீலிக்கலாம் என்று 2023 ஐரோப்பிய நெறி சொல்கிறது.

அறுவை சிகிச்சை எப்போது

10 மில்லிமீட்டருக்கு மேல் நீளமான, ஆடும் கொத்து, ஆன்டிபயாடிக் போயும் மறுபடி அடைப்பு, வால்வு வளையத்தைச் சுற்றி சீழ், வால்வு ஆட்டம் காண்பது, இதயம் தளர்வது: இவையெல்லாம் சர்ஜனைக் கூப்பிடச் சொல்லும் அறிகுறிகள். கொரியாவில் நடந்த ஒரு சோதனையில், பெரிய கொத்து உள்ளவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தபோது ஆறு வாரத்தில் ஒருவருக்குக்கூட அடைப்பு வரவில்லை, காத்திருந்த குழுவில் 21 சதவீதம் பேருக்கு வந்தது. 76 பேர் கொண்ட அந்தச் சோதனை, 2012-இல் வெளியானது, சொந்த வால்வுக்காரர்களுக்கு மட்டும். செயற்கை வால்வில் மறு ஆபரேஷன் இன்னும் கடினம். ஆனால் துண்டு பிய்வதைத் தடுக்க மிக வலிமையான வழி கொத்தையே எடுத்துவிடுவதுதான் என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

சிக்கல் என்னவென்றால் இதய-நுரையீரல் இயந்திரத்தில் போட ஏராளமான ஹெப்பரின் தேவை, கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் வரை. மூளையில் புதுப் புண் இருக்கும்போது அது பயமுறுத்தும் அளவு. அதனால் பழைய காலத்தில் எந்தப் பக்கவாதம் வந்தாலும் வாரக்கணக்கில் தள்ளிப்போட்டார்கள். இப்போது பார்வை மாறிவிட்டது. கசிவில்லாத அடைப்பு, நோயாளி கோமாவில் இல்லை, ஆபரேஷனுக்கு அவசியம் இருக்கிறது என்றால் தள்ளிப்போட வேண்டாம். கசிவு வந்திருந்தால் முடிந்தால் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். இதயம் அதுவரை தாங்காது என்று தெரிந்தால் அந்த ஒரு மாதமும் கல்லில் எழுதிய விதி கிடையாது. ஆபரேஷன் செய்யும்போது மெட்டலுக்குப் பதில் விலங்குத் திசுவால் ஆன திசு வால்வு வைத்தால், அடுத்த மாதங்களில் வார்ஃபரின் சுமை குறையும். வயது குறைந்தவர் என்றாலும் மூளையில் கசிவு வந்தவருக்கு இதை நான் வலியுறுத்திச் சொல்வேன்.

திசு வால்வுக்காரருக்கு இந்தக் கட்டுரையின் பாதி பொருந்தாது. முதல் சில மாதங்கள் கழிந்திருந்தால், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போல வேறு காரணம் இல்லாவிட்டால், அவருக்கு உறைவுத் தடுப்பு மருந்தே தேவையில்லை. தொற்று வந்தது என்பதற்காக அதைத் தொடங்கவும் கூடாது.

மறுபடி எப்போது தொடங்குவது

நிறுத்துவதைவிட இது கடினம், இதற்கான தரவும் குறைவு. தொற்று இல்லாத மெட்டல் வால்வுக்காரர்களுக்கு மூளைக் கசிவு வந்தபின் என்ன ஆனது என்று ஜெர்மனியில் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். முழு அளவு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள் மறுபடி தொடங்கியவர்களில் கசிவு அதிகம். அபாயம் மிக அதிகமானவர்களுக்கு மட்டும் மிக முன்னதாக 6-ஆம் நாளிலிருந்து யோசிக்கலாம் என்பது அவர்கள் முடிவு. கிருமி பிடித்தவரின் குழாய்ச் சுவர் இன்னும் பலவீனமானது என்பதால் 6-ஆம் நாள் என்ற எண்ணை நான் நெருங்கமாட்டேன். இரண்டு வாரம் கழித்து மறு ஸ்கேன், அதில் கசிவு பெருகவில்லை, அனூரிசம் இல்லை அல்லது அடைத்தாயிற்று, ரத்த கல்ச்சர் சுத்தம் என்றால் சொட்டு ஹெப்பரினில் மெல்லத் தொடங்கி, சில நாள் பார்த்து, அப்புறம் வார்ஃபரின். வார்ஃபரினுக்குப் பதில் புதிய வகை மாத்திரைகளைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை மெட்டல் வால்வில் சோதித்த ஆய்வை அடைப்பும் கசிவும் இரண்டுமே கூடியதால் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. அந்தக் கதவு இப்போதைக்குத் திறக்கவில்லை.

முடிவெடுக்கும்போது இதய டாக்டர், சர்ஜன், நரம்பியல் டாக்டர், தொற்றுநோய் டாக்டர் எல்லாரும் ஒரே அறையில் பேசினார்களா என்று வீட்டார் தயங்காமல் கேளுங்கள். என்ன கிருமி, கொத்து எத்தனை மில்லிமீட்டர், மூளை ஸ்கேன் எப்போது எடுத்தது, அடுத்தது எப்போது என்றும் கேளுங்கள். ராத்திரியில் புதிதாகத் தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், பேச்சில் குழறல் எது வந்தாலும் காலை ரவுண்ட்ஸுக்குக் காத்திருக்காமல் டியூட்டி டாக்டரை எழுப்பிச் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போகும் நாளில் பலரும் மறக்கும் ஒன்று இருக்கிறது. ரிஃபாம்பிசினோடு வார்ஃபரின் டோஸை இரட்டிப்பாக ஏற்றி வைத்திருப்போம். ஆறு வாரம் முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தியதும், கல்லீரலின் தூண்டல் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். வார்ஃபரின் மட்டும் அதே உயர்ந்த டோஸில் ஓடிக்கொண்டிருக்கும். ஐ.என்.ஆர். சத்தமில்லாமல் ஏறி, தொற்றைத் தாண்டி வந்தவருக்கு வீட்டில் வைத்து ரத்தக்கசிவு வரக்கூடும். ரிஃபாம்பிசின் நிறுத்தும் தேதியை டிஸ்சார்ஜ் தாளில் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தேதியிலிருந்து மூன்று வாரத்துக்கு, மூன்று நாளுக்கு ஒருமுறையாவது ஐ.என்.ஆர். பாருங்கள்.